சுரங்கத்திலிருந்து கப்பல் வரை: உகப்பாக்கக் கணிதத்தில் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்ய நெல்லை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையில் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் கல்லூரியிலும் காட்டப்படும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: பி.எட்., அப்புறம் டிஆர்பி தேர்வு, அதுவரை ஏதாவது ஒரு தனியார் பள்ளியில் வேலை. அந்த வழியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்துக்கு, முழு உதவித்தொகையோடு ஆராய்ச்சி மாணவர்களைத் தேடும் ஒரு துறை இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தோண்டும் இடத்தில் தொடங்கி லாரி, ரயில், துறைமுகம், கப்பல் என்று தாதுவும் நிலக்கரியும் போகும் சங்கிலி முழுவதையும் கணிதத்தால் சீராக்கும் துறை அது: உகப்பாக்கம், அதாவது ஆப்டிமைசேஷன்.

அதில் பிஎச்.டி. இடமும் பணமும் எப்படித் தேடுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரிகளிலோ கணிதம், புள்ளியியல் படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் படித்தவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பணம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கணக்கோடு சேர்ந்தே வருகிறது. ஒரு நிறுவனத்துக்கோ துறைமுகத்துக்கோ ஒரு சிக்கல் இருக்கும், அதைத் தீர்க்க ஒரு பேராசிரியரிடம் நிதி இருக்கும், அந்த நிதியில் ஒரு மாணவருக்கு இடம் இருக்கும். அதுபோன்ற கணக்கைச் சிறிய அளவிலாவது நீங்கள் செய்து பார்த்தவரா என்பதைத்தான் அந்தப் பேராசிரியர் முதலில் பார்ப்பார். ஆகவே விண்ணப்பம் பிற்பாடு, கணக்கு முதலில்.

## முதல் படி: சிக்கலை நம்ம ஊரிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்

தாழையூத்து சங்கர்நகரில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணம் அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல். எந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் எல்லா முகப்பிலும், அதாவது கல் வெட்டும் எல்லா இடத்திலும், ஒரே தரத்தில் கல் வராது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: அ முகப்பில் கால்சியம் ஆக்சைடு 42 சதவீதம், ஆ முகப்பில் 50 சதவீதம். ஆலைக்குக் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். ஆ முகப்பு தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து கொண்டுவரச் செலவு அதிகம். அப்படியானால் ஆ முகப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்?

அதன் பங்கை x என்றால் 42 + 8x என்பது 45-க்குக் குறையக் கூடாது. x குறைந்தது 0.375. பத்தாயிரம் டன் தேவை என்றால் 3,750 டன் ஆ முகப்பிலிருந்து வர வேண்டும், மீதி 6,250 டன் அ முகப்பிலிருந்து. பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில் வரும் நேரியல் திட்டமிடல் கணக்குதான் இது. இனி லாரியைக் கொண்டுவாருங்கள். ஒரு லாரி 35 டன் ஏற்றும் என்றால் 3,750-ஐ 35 ஆல் வகுக்க 107.14 வருகிறது. 0.14 லாரியை யாரும் அனுப்ப முடியாது, 108 நடை போக வேண்டும். விடை முழு எண்ணாக இருந்தாக வேண்டும் என்று சொன்ன அந்த இடத்திலேயே கணக்கு வேறு வகைக்குப் போய்விடுகிறது. இரண்டு முகப்பு என்றால் பேனாவும் தாளும் போதும். இருபது முகப்பு, நாலு மண்வாரி இயந்திரம், ஐம்பது லாரி, ஓராண்டுத் திட்டம் என்று ஆகும்போது முழு எண் திட்டமிடல் என்ற ஆராய்ச்சித் துறைக்கு வேலை வருகிறது.

இப்போது தூத்துக்குடியைப் பாருங்கள். அங்குள்ள அனல் மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் தலா 210 மெகாவாட், மொத்தம் 1,050. ஒடிசாவின் தால்சேர் பகுதிச் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி, கடல் வழியாகத் தூத்துக்குடிக்கு வருகிறது. ஒரு ரேக், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில், ஏறக்குறைய 4,000 டன் கொண்டுவரும், ஒரு கப்பல் அதைப்போலப் பல மடங்கு ஏற்றும். ரேக் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் உண்டு. கப்பல்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் அவை நிற்கும் துறைமுகத் தளம் போதாது. தாமதமாக வந்தால் மின் நிலையத்தில் இருப்பு கரையும். எத்தனை கப்பலை எந்த நாளில் அனுப்புவது, இருப்பை எந்த அளவுக்குக் கீழே விடாமல் வைப்பது என்ற கேள்வியும் அதே குடும்பத்துக் கணக்குதான்.

இதே சங்கிலியை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பல நிறுவனங்களின் சுரங்கங்கள் ஒரே ரயில் தடத்தைப் பகிர்ந்துகொண்டு நியூகாசில் துறைமுகத்துக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரி அனுப்புகின்றன. ஒவ்வொரு கப்பலுக்கும் கேட்ட கலவையைத் துறைமுக முற்றத்தில் குவியல் குவியலாகச் சேர்க்க வேண்டும். எந்தக் குவியல் எங்கே, எத்தனை நாள், எந்த இயந்திரம் அதை அள்ளும் என்று முடிவெடுப்பது கடினமான கணக்கு. நியூகாசில் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் இந்தச் சங்கிலியை நடத்துகிறவர்களோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுகளும் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. இந்தத் துறைக்குள் நுழைய அவற்றை வாசிப்பது மிக நல்ல தொடக்கம்.

திறந்தவெளிச் சுரங்கத்தின் வடிவத்தை முடிவு செய்வது இன்னொரு கிளை. பூமியை ஆயிரக்கணக்கான கட்டிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு கட்டியை எடுக்க, மேலே உள்ளவற்றை முதலில் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரிவு இடிந்துவிடும். சில கட்டிகள் லாபம், சில நட்டம். எந்தத் தொகுப்பை எடுத்தால் மொத்த லாபம் உச்சம்? 1965-இல் லெர்ச்ஸ், கிராஸ்மன் இருவரும் இதற்கு ஒரு வழிமுறை கொடுத்தார்கள். 1976-இல் பிக்கார்ட் இது வலையமைப்பின் உச்சப் பாய்வுக் (மேக்ஸிமம் ஃப்ளோ) கணக்குதான் என்று காட்டினார். கிராஃப் தியரி படித்தவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எந்த ஆண்டில் எந்தக் கட்டி என்ற கால வரிசையும் சேர்ந்தால் கணக்கு பல மடங்கு கடினமாகிறது, ஆராய்ச்சிக்கு இன்னும் நிறைய இடம் இருக்கும் பகுதி அதுதான்.

கல்குவாரி, கார்னெட் மணல் என்று நம்ம பக்கத்து மக்கள் பட்டது நிறைய. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்துப் பொருமாதவர் இல்லை. அதனாலேயே சுரங்கம் என்றதும் சிலருக்கு மனம் விலகுகிறது, அந்த விலகல் நியாயமானது. ஆனால் தூசி எவ்வளவு, நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கலாம், ஊர்த்தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி, தோண்டிய குழியை எப்போது மூடுவது என்பதையெல்லாம் கணித மாதிரிக்குள் (மாடல்) கட்டுப்பாடுகளாக எழுத முடியும். அவற்றை எழுதாமல் விட்டால் கணினி அவற்றைப் பூஜ்ஜியம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தத் துறைக்குள் போக வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

## இரண்டாம் படி: பணம் எந்தெந்த வகையில் வருகிறது

அடிப்படையில் நாலு வகை.

முதலாவது, திட்டத்தோடு கட்டப்பட்ட உதவித்தொகை. பேராசிரியரிடம் அரசு நிதியோ நிறுவன நிதியோ ஏற்கனவே இருக்கும், தலைப்பும் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். ஆஸ்திரேலியாவில் அரசின் ஆராய்ச்சிக் கவுன்சில் தொழில்துறையோடு சேர்ந்து நடத்தும் பயிற்சி மையங்கள் இப்படிப்பட்டவை. மெல்போர்ன், மோனாஷ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய ஆப்டிமா என்ற மையம் உகப்பாக்கத்துக்கென்றே உருவானது. அடிலெய்டில் சிக்கலான கனிமவளங்களுக்கான மையம் ஒன்று உருவானது. இவற்றில் நிறுவனத்தின் உண்மையான தரவோடு வேலை செய்யலாம்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் பொதுப் போட்டி. ஆஸ்திரேலியாவில் ஆர்டிபி என்று அழைக்கப்படும் அரசு உதவித்தொகை இதில் முக்கியமானது. கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் தனித்தனியாகத் தரலாம். 2025-இல் அதன் குறைந்தபட்ச வாழ்க்கைத் தொகை ஆண்டுக்கு 33,511 ஆஸ்திரேலிய டாலர், முழுநேர மாணவருக்கு அதில் வரி இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கீடு குறைவு, எல்லாத் துறையினரோடும் போட்டி போட வேண்டும். மதிப்பெண், ஆராய்ச்சி அனுபவம், கட்டுரை எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துவார்கள்.

மூன்றாவது, வேலை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் பிஎச்.டி. என்பது மாதச் சம்பளம் வாங்கும் பணி. ஸ்வீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சுரங்கத்துக்குப் பெயர்போனது. அங்கே இடம் காலியாகும்போது வேலை விளம்பரமாகவே வரும். அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் பணி கொடுத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். கொலராடோ சுரங்கக் கல்லூரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சைப் பொறியியலோடு இணைத்த முனைவர் படிப்பு இருக்கிறது.

நாலாவது, நீங்களே கையில் கொண்டுபோகும் பணம்: சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, இன்ஸ்பயர், தேசிய அயல்நாட்டு உதவித்தொகை போன்றவை. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை முயல்கிறவர் முதல் வகையைக் குறிவைப்பதே நல்லது என்பது என் கருத்து. பொதுப் போட்டியில் நம்ம கல்லூரிகளின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. திட்டத்தோடு வரும் பணத்தில் முடிவெடுப்பவர் ஒரு தனி மனிதர், அவரால் உங்கள் வேலையை நேரடியாகப் படித்துப் பார்க்க முடியும்.

## மூன்றாம் படி: அடித்தளம்

எம்.எஸ்சி. முதலாண்டிலேயே தொடங்கினால் நேரம் தாராளம். முடித்துவிட்டவர்களுக்கு ஓராண்டு ஒழுங்கான உழைப்பு வேண்டும்.

சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. இருமைத் தேற்றம், அதாவது டூயாலிட்டி, நன்றாக ஊற வேண்டும். ஒரு லாரி கூடுதலாகக் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்று கேட்டால் இருமைக் கணக்கின் (டூயல்) விடையைக் காட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு மேல், பெரிய கணக்குகளைத் தீர்க்க உதவும் கிளைவெட்டு முறை, வெட்டுத்தளங்கள், வலையமைப்புப் பாய்வு, லக்ராஞ்சித் தளர்வு. இவற்றுக்கு என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் காணொளி வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாதுவின் தரம், விலை எல்லாம் முன்கூட்டித் தெரியாதவை என்பதால் நிகழ்தகவும் வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் காஸ்மோ என்ற ஆய்வகம் இந்த நிச்சயமின்மையையே மையமாக வைத்துச் சுரங்கத் திட்டமிடலை ஆராய்கிறது. அதற்குச் சுரங்க நிறுவனங்களின் கூட்டமைப்பு நிதி தருகிறது.

அப்புறம் நிரலாக்கம். இதில்தான் நம்ம பிள்ளைகள் தயங்குகிறார்கள். பைத்தான் அல்லது ஜூலியா, இரண்டில் ஒன்று போதும். ஹைஜிஸ், ஸ்கிப் ஆகிய தீர்வான்கள், அதாவது இந்தக் கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள்கள் (சால்வர்), கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. குரோபி வணிக மென்பொருள்தான், ஆனாலும் கல்லூரி மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகிறார்கள். சாதாரண மடிக்கணினியே போதும். கல்லூரி ஆய்வகத்தில் இடம் கிடைக்காவிட்டால் உலாவியில் ஓடும் இலவச நோட்புக்குகளில்கூடச் செய்யலாம்.

## நாலாம் படி: காட்டுவதற்கு ஒரு வேலை

முழு வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் ஒரு புராஜெக்ட் இருக்கும். பல இடங்களில் ஏதோ ஒரு தலைப்பில் நூல்களிலிருந்து தொகுத்து எழுதி, பைண்ட் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். எம்.ஃபில். இப்போது நிறுத்தப்பட்டுவிட்டதால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி அனுபவம் எங்கே என்று கேட்கும்போது காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு புராஜெக்ட்தான்.

இரண்டு யோசனைகள் சொல்கிறேன். ஒன்று, மைன்லிப் என்ற பொதுத் தரவுத் தொகுப்பு. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வழிமுறைகளை ஒப்பிடவே சுரங்கக் கணக்குகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். நியூமன்1 என்ற கணக்கில் 1,060 கட்டிகள்தான். அவற்றை ஆறு காலக்கட்டங்களில் எடுக்கத் திட்டமிட்டால், எந்தக் கட்டி எந்தக் காலத்தில் என்பதற்கு 6,360 ஆம்-இல்லை மாறிகள் வரும். இது ஒரு மடிக்கணினியில் ஓடும் அளவு. முதலில் கால வரிசை இல்லாத கணக்கைச் செய்யுங்கள், மைன்லிப் இணையதளத்தில் உள்ள விடையோடு ஒப்பிடுங்கள். பிறகு காலத்தைச் சேருங்கள். மாறிகளை எழுதும் விதத்தை மாற்றினால் ஓடும் நேரம் எப்படி மாறுகிறது என்று அட்டவணை போடுங்கள். அடுத்து மார்வின் என்ற கணக்குக்குப் போனால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகள். உங்கள் நிரல் அங்கே திணறும். ஏன் திணறுகிறது என்று நாலு பக்கத்தில் எழுத முடிந்தால், அந்த நாலு பக்கம் உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

மற்றொன்று நம்ம ஊர்க் கணக்கு. மத்திய மின்சார ஆணையம் அனல் மின் நிலையங்களின் நிலக்கரி இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. தூத்துக்குடி நிலையத்தின் எண்களை ஓராண்டுக்குத் திரட்டுங்கள். கப்பல் வரும் இடைவெளிக்கும் அளவுக்கும் நியாயமான அனுமானங்கள் வைத்து, இருப்பு ஓர் எல்லைக்குக் கீழே போகாமல் செலவைக் குறைக்கும் மாதிரி ஒன்றைக் கட்டுங்கள். எது உண்மைத் தரவு, எது உங்கள் அனுமானம் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். இந்த ஒழுக்கத்தைப் பேராசிரியர்கள் உடனே கவனிப்பார்கள்.

நிரலையும் அறிக்கையையும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் போட்டு வையுங்கள்.

கட்டுரை வெளியிடுவது பற்றி ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸாப்பில் வரும் ஜர்னல்களில் போடாதீர்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் தன் கேர் பட்டியலை யுஜிசி 2025-இல் கைவிட்ட பிறகு எது நல்ல இதழ் என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில். அத்தகைய இதழில் வந்த கட்டுரை விண்ணப்பத்தில் இருப்பதைவிட, கட்டுரையே இல்லாமல் ஒரு நல்ல புராஜெக்ட் அறிக்கை இருப்பது மேல்.

## ஐந்தாம் படி: கைடைத் தேடுவதும் கடிதம் எழுதுவதும்

பல்கலைக்கழகத் தரவரிசையை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். நீங்கள் வாசித்த கட்டுரைகளின் ஆசிரியர்களிடமிருந்து தொடங்குங்கள். அந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகிறார்கள், அவர்களில் யாருக்கு இப்போது நிதி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் பதினைந்து, இருபது பெயர் கொண்ட பட்டியல் உருவாகும். கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் நிதி கொடுத்தவர் பெயர் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பத்தி நேராகவே சொல்லிவிடும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நம்மிடம் கடித மரியாதை அதிகம், ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி நாலு வரி வணக்கம் வைப்போம். அங்கே அது வேண்டாம். பேராசிரியரின் பெயர், அப்புறம் நேராக விஷயம். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

‘நான் திருநெல்வேலியில் கணிதத்தில் முதுகலை முடித்தவன். துறைமுக முற்றத்தில் குவியல்களை அடுக்குவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் குவியலின் நீளம் மாறாதது என்று கொண்டிருக்கிறீர்கள். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் பொதுத் தரவை வைத்து நான் கட்டிய சிறு மாதிரியில் அதை மாறியாக வைத்தபோது தீர்வு நேரம் பல மடங்கு கூடியது. நிரலும் ஆறு பக்க அறிக்கையும் இந்த இணைப்பில் உள்ளன. இந்தத் திசையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். அடுத்த ஆண்டு உங்கள் குழுவில் நிதியுள்ள இடம் இருக்குமா?’

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நிதி பற்றிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்புவது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு பேருக்கு, அவரவர் கட்டுரையை உண்மையாகவே வாசித்துவிட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர்.

பதில் வந்தால் காணொளிப் பேச்சு இருக்கும். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். உங்கள் மாதிரியைத் திரையில் காட்டி, மாறி எது, கட்டுப்பாடு எது, எங்கே சிக்கினேன் என்று மெதுவாகச் சொன்னாலே பாதி முடிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

## ஆறாம் படி: காகிதங்கள்

இதில் சுணங்கினால் நல்ல வாய்ப்பும் கைநழுவும். பாஸ்போர்ட்டை முதல் நாளிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் எப்படி விரிகின்றன என்று அப்போதே சரிபாருங்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் கட்டணம் சுமார் 18,000 ரூபாய். பெரும்பாலான இடங்களில் 6.5 கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி எழுத வேண்டாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் கல்லூரியிலிருந்தும் பட்டம் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும். டிரான்ஸ்கிரிப்ட்டைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டு, முத்திரையிட்ட உறையிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் தற்காலிகச் சான்றிதழை ஏற்பார்களா என்பதையும் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தனிச் சிக்கல். நம்ம பேராசிரியர்கள் பலர் சொந்த மின்னஞ்சலையே பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டுத் தளங்கள் கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரியைக் கேட்கும். “சார், உங்க காலேஜ் மெயில்ல இருந்து அனுப்ப முடியுமா?” என்று முன்கூட்டியே கேட்டு, அந்த முகவரி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடவே, நீங்கள் செய்த புராஜெக்ட், எடுத்த கருத்தரங்கு, வகுப்பில் தீர்த்த கடினமான கணக்கு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயன் இல்லை. என்ன செய்தீர்கள் என்று எழுத அவருக்கு விவரம் வேண்டும்.

ஏஜென்சி தேவையா என்று கேட்பவர்களுக்கு: நிதியுள்ள பிஎச்.டி.க்குத் தேவையில்லை. கைடைத் தேடும் வேலையை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

## ஏழாம் படி: இந்திய வழியும் கூடவே நடக்கட்டும்

வெளிநாட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து ஓராண்டை இழக்க வேண்டாம். சிஎஸ்ஐஆர் நெட் கணித அறிவியல் தேர்வின் நாலாம் அலகில் நேரியல் திட்டமிடல், சிம்ப்ளெக்ஸ், இருமை, எளிய வரிசைக் கோட்பாடு, சரக்கிருப்பு மாதிரிகள் எல்லாம் இருக்கின்றன. கேட் கணிதத் தாளிலும் நேரியல் திட்டமிடல் ஒரு பகுதி. நீங்கள் மூன்றாம் படியில் படித்ததே இங்கேயும் உதவும்.

ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 தொடக்கத்திலிருந்து இந்த விகிதம். எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நம்ம பக்கத்தில் தங்கப் பதக்கம் வாங்கி, அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். தேசிய உயர்கணித வாரியமும் கணித முனைவர் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. பிரதமரின் ஆராய்ச்சி ஃபெலோஷிப் 2018-இல் தொடங்கியபோது முதலிரண்டு ஆண்டு மாதம் 70,000 ரூபாய் என்று வைத்தார்கள், அது கடும் போட்டி.

இடம் என்று பார்த்தால், 1926-இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி 2016-இல் ஐஐடி ஆன தன்பாத் நிறுவனம், கரக்பூர் ஐஐடியின் சுரங்கப் பொறியியல் துறை, பம்பாய் ஐஐடியில் தொழிற்பொறியியலும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் சேர்ந்த துறை ஆகியவற்றை முதலில் பாருங்கள். கணிதம் படித்தவர்களைச் சுரங்கத் துறையில் எடுப்பார்களா என்பது அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பொறுத்தது. கணிதத் துறையில் சேர்ந்து சுரங்கத் துறைப் பேராசிரியர் ஒருவரை இணைக் கைடாக வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: பம்பாய் ஐஐடி மோனாஷோடும், டெல்லி ஐஐடி குயின்ஸ்லாந்தோடும், சென்னை, கான்பூர், கரக்பூர் ஐஐடிகள் மெல்போர்னோடும் கூட்டு முனைவர் திட்டங்கள் நடத்துகின்றன. சிறிது காலம் இங்கே, சிறிது காலம் அங்கே. வீட்டை ஒரேயடியாக விட்டுப் போகத் தயங்குகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பட்டியல் சாதி மாணவர்கள், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகள் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், தகுதித் தேர்வில் 60 சதவீதம் என்பது விதி. கட்டணம், விமானச் செலவு, வாழ்க்கைத் தொகை எல்லாம் அடங்கும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டமும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இருக்கிறது. உள்ளூரிலேயே முழுநேர முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் ஆண்டு ஊக்கத்தொகை உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்பே புதுப்பித்து வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

## எட்டாம் படி: கடிதம் வந்ததும் என்ன பார்க்க வேண்டும்

சேர்க்கைக் கடிதம் வேறு, உதவித்தொகைக் கடிதம் வேறு. முதலாவது மட்டும் வந்தால் பணம் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டாம். இரண்டாவது கடிதத்தில் இவற்றைத் தேடுங்கள். கல்விக் கட்டணம் முழுவதும் அடங்குகிறதா, எத்தனை ஆண்டுக்கு? வாழ்க்கைத் தொகை மூன்று ஆண்டுதான், ஆய்வு முடிய மூன்றரை ஆகும் என்றால் அந்த ஆறு மாதத்துக்கு யார் பொறுப்பு? மருத்துவக் காப்பீட்டை அவர்கள் கட்டுகிறார்களா? ஆஸ்திரேலியாவில் இது கட்டாயம், குடும்பத்தோடு போனால் தொகை நன்றாகவே கூடும். விமானச் செலவு உண்டா?

நிறுவனம் சேர்ந்த திட்டம் என்றால் இன்னும் சில. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு? தரவு ரகசியம் என்பதால் கட்டுரை வெளியிட எத்தனை நாள் முன்பு நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும்? ஆய்வேடு பொதுவில் வர முடியாமல் போகுமா? நிறுவனம் நடுவில் விலகினால் பல்கலைக்கழகம் பணத்தைத் தொடருமா? நிலக்கரி விலையும் இரும்புத்தாது விலையும் ஏறி இறங்கும்போது நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவும் கூடவே ஏறி இறங்கும். ஆகவே கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டில் பேசும்போது இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ‘இன்னும் நாலு வருஷம் படிப்பா’ என்று அப்பா கேட்கும்போது, இது நாம் காசு கட்டிப் படிக்கும் படிப்பு இல்லை, மாதாமாதம் அவர்கள் நமக்குத் தருவது என்று தொகையைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஊரில் நம்மவர் யார் இருக்கிறார்கள் என்ற கவலைதான் அதிகம். அங்கே படிக்கும் தமிழ் மாணவர் ஒருவரோடு வீடியோவில் பேச வைத்தால் பாதிக் கவலை தீரும்.

விசாக் கட்டணம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, முதல் மாத வாடகையும் முன்பணமும் சேர்த்தால் உதவித்தொகையின் முதல் தவணை கைக்கு வருவதற்குள் கணிசமான தொகை தேவைப்படும். முதல் தவணை எந்தத் தேதியில் வரும், வங்கிக் கணக்கு தொடங்க எத்தனை நாள் ஆகும் என்று பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை அலுவலகத்திடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். விமான டிக்கெட்டை விசா வந்த பிறகே போடுங்கள். தாமதமானால் சேரும் தேதியைத் தள்ளிவைக்கும்படி கைடிடம் கேட்கலாம், திட்ட நிதியில் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.